கல் மாறும் இடம்

செசில் ஸ்திரீட்டில் ஓரிடத்தில்
நடைபாதை நிறம் மாறும்.
இந்தப் பக்கம் சொரசொரத்த சிமெண்டுச் சதுரங்கள்,
அரசாங்கத்துடையவை.
அந்தப் பக்கம் முகம் தெரியும் கருங்கல்,
ஏதோ ஒரு கம்பெனியுடையது.
நடுவே சுண்டுவிரல் அகலத்தில்
ஒரு பித்தளைக் கோடு.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஃப்.
மற்ற ஆறு நாளும் பஸ் ஓட்டுகிறேன்.
பெனின்சுலா பிளாசாவில் பேரம் பேசி வாங்கிய
பழைய கேமரா கழுத்தில்.
சட்டைப் பையில் ஒரு காகிதம்,
நானே தமிழில் எழுதி லேமினேட் போட்டது:
ரோட்டில் நின்று கண்ணுக்குத் தெரிவதை எடுக்கலாம்.
கடைத்தொகுதிக்குள் போனால் அவன் வீடு, அவன் பேச்சு.
துப்பாக்கிக்காரன் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால்
மூடியைப் போடு.
எடுத்ததை அழி என்று சொல்லக்
காவலாளிக்கு அதிகாரம் கிடையாது.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

(அந்தச் சிவப்புப் பலகையையே எடுக்கலாமா?
நான்கு மொழியிலும் தேடிப் பார்த்தேன்.
தமிழிலும் இல்லை.)

மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு
இரண்டு கோபுரங்களுக்கு நடுவே
பதினொரு நிமிடம் வெயில் இறங்கும்.
சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போகிறவர்கள்
அதில் நுழைந்து, ஒளிர்ந்து, அணைவார்கள்.
அதற்காகத்தான் வருகிறேன்.

"அண்ணே, இங்க எடுக்கக்கூடாது."

சட்டையில் கமலவேணி என்று பெயர்ப்பட்டை.
கருங்கல்லின் கடைசி அங்குலத்தில்
பூட்ஸ் இரண்டையும் சேர்த்து வைத்து நின்றாள்.
"நான் நிக்கிறது ரோட்டும்மா."
"கட்டடம் எங்களது."
"நிழலு?"

குனிந்து பார்த்தாள்.
கோட்டைத் தாண்டி வந்து
என் செருப்பில் ஏறிக்கொண்டிருந்தது
முப்பத்தெட்டு மாடி.
யாரும் கேட்டதில்லை போல.
சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அழிச்சிடுங்கண்ணே."

எத்தனை நாள் ஒத்திகை!
கடைசி நிறுத்தத்தில் காலி பஸ்ஸின் கண்ணாடி முன்னால்
குரல் உயர்த்தி, தாழ்த்தி,
ஒருமுறை ஆங்கிலத்தில்கூட.
காகிதத்தை உருவி நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.
தாடையை மட்டும் மெல்ல மேலே தூக்கினாள்.
தூணின் உச்சியில், கவிழ்த்த கிண்ணம் போல்,
கறுப்பாக ஒன்று.

"அது ஒங்களப் பாக்கலண்ணே.
என்னத்தான் பாக்குது."

இதற்கு எனக்குச் சட்டம் தேவைப்படவில்லை.
என் சீட்டுக்கு மேலும் ஒன்று இருக்கிறது.
நான் கொட்டாவி விட்டால்
டெப்போவில் எங்கோ மணி அடிக்கும்.

"நான் கைய மட்டும் தூக்குறேன்.
நீங்க ரெண்டு எட்டு பின்னால போங்க.
மேல இருக்கிறவங்களுக்கு அது போதும்."

போனேன்.
பின்னாலும் அதே சிமெண்டு, அதே ரோடு,
ஒரு அங்குல உரிமையும் குறையவில்லை
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அவள் கையைத் தூக்கினாள்,
மாடிக்கும் தெரியும்படி, மிகக் கண்டிப்பாக.

வெயில் அப்போது பார்த்து
அந்த உள்ளங்கையில் விழுந்தது.
விரல் அழுத்திவிட்டது.
நான் இல்லை, விரல்.

அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பிக் கருங்கல்லில் நடந்தாள்,
தலைகீழாக இன்னொருத்தி கூடவே நடந்தாள்.

ராத்திரி பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
ரேகை மூன்றும் தெளிவு.
கட்டைவிரலில் பிளாஸ்டர்.
முகம் பாதி இருட்டு.
யாரையும் தடுக்கிறவள் மாதிரியே இல்லை.
பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவள் மாதிரி இருக்கிறாள்.

வைத்துக்கொள்ளலாம்.
காகிதம் அப்படித்தான் சொல்கிறது.
கேட்டிருக்கலாமா என்று அதில் இல்லை;
இரண்டு கோட்டுக்குக் கீழே
இடம் மட்டும் இருக்கிறது.

புதன் விடிகாலை ஐந்து நாற்பது, முதல் நிறுத்தம்.
இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.
முகம் தெரியவில்லை.
நின்றேன்.