பெட்டி எண் ஒன்பது

செந்தூலில், ரயில் பட்டறைச் சுவருக்குப் பின்னால்
துளையிட்டு எடுத்த கற்களை
மரப்பெட்டிகளில் படுக்கவைத்திருக்கிறார்கள்.
எவ்வளவு பழசு என்று யாரும் கேட்பதில்லை.
எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதினால்
சம்பளம்.

ஒன்று: பழுதில்லை. சுத்தியல் பட்டால் ணங்கென்கும்.
ஆறு: மண்.
சண்டையெல்லாம் நடுப்படிகளில்தான்.
கல்லைத் தோண்ட ஒரு கூலி, மண்ணைத் தோண்ட ஒரு கூலி.

போன மாதம் உலு கிளாங்கிலிருந்து வந்த கிரானைட்
பார்வைக்குக் கல்லேதான்.
வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி
எல்லாம் அதனதன் இடத்தில்.
கட்டைவிரலை வைத்தேன்,
தேநீரில் முக்கிய பிஸ்கட்டாய்ப் போனது.
முகம் கலையாமலே களிமண்ணாகியிருந்தது.
குவார்ட்ஸ் மணிகள் மட்டும் உள்ளங்கையில் மிச்சம்,
கடித்தால் பல் போகும்.

மணற்கல் அப்படியில்லை.
பிடித்திருந்த பசை போனதும் மணலுக்கே போய்விடும்,
தகராறு கிடையாது.

சுண்ணாம்புக்கல்லுக்குத்தான் நடுப்படியே இல்லை.
இருக்கிற இடத்தில் ஒன்று.
இல்லாத இடத்தில் இல்லை.
அமிலம் ஒரு சொட்டு விட்டால் சீறும்.
நாலு மணி மழை அதே வேலையைச்
சீறவிடாமல் செய்கிறது.

இன்று பதினாறாவது மீட்டரில் கம்பி சட்டென்று இறங்கியது.
ஹாசிம் நெம்புகோலைப் பிடித்தபடி கத்தினார்:
"கோசோங்!"
மூன்று மீட்டர் இருபது.
விட்ட தண்ணீரும் மேலே வரவில்லை.
அப்புறம் மறுபடி கல். ணங்.

ரஃபீக் வாங்கிவந்த தேநீரும் கோசோங்தான்,
என் சர்க்கரைக்காக.
ஒரே சொல் என்று யாரும் சிரிக்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் அடுக்ககத்தின் ஐந்தாம் மாடியில்
ஒருத்தி போர்வையை உதறிக் காயப்போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு
தெரிகிறதா என்றாள்.
தெரிகிறது என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் என்றாள்.

படிவத்தில் ஒன்றிலிருந்து ஆறு வரைதான் கட்டங்கள்.
ஒரு கோடு போட்டு, பதிந்தவர் அருளப்பன் என்று எழுதி,
கல் இல்லாத இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்தேன்.
அதன்மேல் மையால் இரண்டு ஆழங்கள்.

புதுக்கட்டை, இன்னும் பிசின் வாசனை.
கறையான் வந்தால்
இந்தப் பெட்டியில் முதலில் போவது
அதுதான்.