வெறும் வயிற்றில்

ஆறரைக்கு அயனாவரம்,
ஏழுக்குள் வில்லிவாக்கம்,
அப்புறம் ஐ.சி.எஃப் குடியிருப்பில் மூன்று வீடு.
ஐஸ் பெட்டி ஸ்கூட்டியில் என் காலடியில்.
எண்பத்தொன்பது கிலோ நான்.
இதைச் சொல்லவே வேண்டியதில்லை.
கதவைத் திறக்கிறவர்கள்
கண்ணாலேயே நிறுத்துவிடுகிறார்கள்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி.
கூரியர் பையனுக்கும்தான் மூச்சு வாங்குகிறது,
அவனுக்குத் தண்ணீர் தருகிறார்கள்.
எனக்கு வாங்கினால்
தண்ணீரோடு கொள்ளு ரசமும்,
செய்முறையாக.
"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு,
பழமொழியே இருக்கேம்மா"
என்கிறார் வரதகுட்டி சார், சட்டைக் கையை மடித்தபடி.
தினம் எட்டாயிரம் அடி நடக்கிறவர்,
கைக்கடிகாரம் எண்ணித் தருகிறது.
ஒட்டிய வயிறு. கட்டுப் போடுமுன்பே
நரம்பு தானாக எழுந்து நிற்கிற கை.
அந்த ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால்
மேலே நிற்பது
அரிசி களைந்த தண்ணீர்.
போன தடவையும் அப்படித்தான்.
சொல்வது என் வேலை இல்லை.
குழாயில் பெயர் ஒட்டுவது என் வேலை.

அடுத்த தெருவில் சகாயமேரி அக்கா,
சாயங்காலம் பஜ்ஜி போடுகிறவர்.
போன வாரம் வந்த பையன் நாலு இடத்தில் குத்தினானாம்,
"இந்தச் சதையில எங்கன்னு தேடுறது" என்றானாம்.
தடித்த கையில் கண்ணால் தேடக்கூடாது தம்பி.
கண்ணை மூடிக்கொண்டால்கூட நல்லது.
விரல் நுனியை வைத்துக் காத்திருந்தால்
ஓரிடத்தில் மெத்தென்று எதிர்த்து எழும்.
அங்கேதான்.
"அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்று சிரித்தாள்.
சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கோட்டுக்குள்.
தைராய்டு மட்டும் கொஞ்சம் வெளியே.

லேபில் பரசு
குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது.
பன்னிரண்டு கிலோ இறங்கியிருக்கிறான்.
"என்னப்பா, சுகரா?" என்கிறது டீக்கடை.
குடித்துக் குடித்து முகம் உப்பிக் கிடந்தபோது
"கல்யாணக் களை வந்துடுச்சு" என்ற
அதே டீக்கடை.

நேற்று அவன்தான் கேட்டான்,
"உனக்கு எப்ப பார்த்தே?"
ஆறு வருஷமாக ஊர் ரத்தம் எடுக்கிறேன்.
என்னுடையது ஒரு சொட்டு
அந்த இயந்திரத்துக்குள் போனதில்லை.
நோய்க்குப் பயந்து இல்லை.
கெட்டதாக வந்தால்
வரதகுட்டி சார் சொன்னது சரியாகிவிடும்.
நல்லதாக வந்தால்
கழுத்தில் மாட்டிக்கொண்டா மாடி ஏற முடியும்?

இன்று காலை காபி குடிக்கவில்லை.
காரணம் எதுவும் இல்லை.
கொன்னூர் நெடுஞ்சாலை சிக்னலில்
ஒரு காலை ஊன்றிக்கொண்டு
இடது முழங்கை மடிப்பில்
வலது விரலை வைத்துப் பார்க்கிறேன்.
பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் ஆட்டோ விடாமல் அடிக்கிறது.
இருங்கண்ணா,
இங்கதான் எங்கேயோ இருக்கு.