மூன்றாம் எண் கூண்டு

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் போகும் வழியில்
ஜெராக்ஸ் கடையில் வேலை எனக்கு.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்,
முன்னும் பின்னும் என்றால் மூன்று.
எங்கள் சபையின் சண்டை முழுவதும்
என் கண்ணாடித் தட்டில்
முகம் குப்புறப் படுத்து
வெளிச்சம் வாங்கிப் போயிருக்கிறது.

தேவநேசன் அணியின் மனு காலையில்.
எட்வின் அணியின் எதிருரை சாப்பாட்டு நேரத்தில்.
இரண்டிலும் மேலே சின்னதாய் ஒரு சிலுவை,
'கர்த்தருக்கே மகிமை'.
அதற்குக் கீழே
கல்லறைத் தோட்டத்துப் புளியமரக் குத்தகை,
கமிட்டித் தேர்தலில் செத்தவர் போட்ட ஓட்டு,
எண்பது நாற்காலி, ஒரு ஆர்மோனியம்.
எழுத்துப்பிழையை மட்டும் நான் திருத்திக் கொடுத்தேன்.
இரண்டு பேருக்கும்.

ஜூன் மாதம் தாசில்தார் வந்து
முதுநகர் கோயில் கதவைப் பூட்டினார்.
பூட்டின்மேல் ஊற்றிய அரக்கு சிவப்பாக இருந்தது.
எனக்குத் திருவிருந்து ஞாபகம் வந்தது.
வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால்
பலகையில் கடைசி ஞாயிற்றின் பாட்டு எண்கள்
இன்னும் நிற்கின்றன: 41, 203, 118.
மூன்றாவதை அன்று பாடவில்லை.
அதற்குள் கைகலப்பு.

அன்றிலிருந்து வெளியே இரண்டு ஆராதனை.
வேப்பமரத்தடியில் அவர்கள்,
சைக்கிள் ஸ்டாண்டில் நாங்கள்.
'சமாதானம்' என்று அவர்கள் மைக் சொல்லும்போது
எங்கள் மைக் கீச்சிடும்.
நடுவில் ஒரு போலீஸ்காரர்,
பிளாஸ்டிக் நாற்காலியில், செல்போனில் ரம்மி.
மத்தியஸ்தர் என்ற சொல்லை
அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன்.
கால் தரைக்கு எட்டவில்லை.

நீ என்ன விசுவாசிக்கிறாய் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
சிப்காட் காற்று அடிக்கும் ராத்திரிகளில்
ஜன்னலைச் சாத்திவிட்டு
போர்வைக்குள் ஜெபிக்கிறேன்.
இந்த அழுகிய முட்டை நாற்றத்துக்குள்ளும்
ஒருவர் காது கொடுக்கிறார் என்று
பாதி நம்பிக்கை இருக்கிறது.
மீதிப் பாதியை
பி.எஃப். மாதிரி யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள்,
எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கும்.

நவம்பர் கடைசியில் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
ஞாயிறு. இரண்டு பிரசங்கமும் பாதியில்.
உப்பனாற்றுப் பக்கமிருந்து மழை
கேட்டைத் திறக்காமலே உள்ளே வந்தது.
வேப்பமரம் அவர்களைக் கைவிட்டது.

சைக்கிள் ஸ்டாண்டின் தகரத்துக்குக் கீழே
நூற்றுமுப்பது பேர், ஒரு போலீஸ்காரர்.
கரண்ட் போய்விட்டது.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
யாரும் பாடவும் இல்லை.
ஏழாம் பிரதிவாதி சலோமி அக்கா
ஈரத் தலையோடு என் தோளில் சாய்ந்து நின்றாள்,
நகர இடமில்லாததால்.
அவள் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டார் தேவநேசன்,
முதல் வாதி.
குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கியது.
அவர் விட்டுவிட்டார்.
முக்கால் மணி நேரம்
தகரத்தின்மேல் மழைதான் பேசியது.
இத்தனை மாதத்தில் எல்லாரும் சேர்ந்து
கேட்டது அது ஒன்றைத்தான்.

அரக்கு கரையவில்லை.
கரையும் என்று நான் அடிக்கடி திரும்பிப் பார்த்தது நிஜம்.

மழை விட்டதும் அவரவர் மைக்குக்குப் போனார்கள்.
திங்கட்கிழமை புது மனு.
முன்னும் பின்னும், ஆறு செட்.

ஆனால் சலோமி அக்காவின் குடை
என்னோடு வந்துவிட்டது.
கதவுக்குப் பின்னால் சொட்டி முடித்து
காய்ந்து தொங்குகிறது,
ஒரு கம்பி வளைந்த கறுப்புக் குடை.
வரும் ஞாயிறு
போலீஸ்காரர் நாற்காலியைத் தாண்டி
பன்னிரண்டு அடி நடந்து போய்
அதைக் கொடுக்க வேண்டும்.
எங்கள் பக்கம் எல்லாரும் பார்ப்பார்கள்.

கம்பியை நிமிர்த்திப் பார்த்தேன்.
கொஞ்சம் நிமிர்ந்தது.