பூ வண்டி

தோவாளையில் பூ ஏற்றும்போது
கூடையின் ஈரத்துணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது காற்று.
ஆரல்வாய்மொழியில் காற்றாலை ஒன்றுகூட நிற்காத மாசம்.
இந்த ஆம்னிக்கு மட்டும் காற்று கிடைக்கவில்லை.

ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.
பார்வதிபுரத்தில் நிறுத்தினால்
உறுமல் ஏறும், தாழும், சாகப்போய் மீளும்.
பெட்ரோல் கணக்கில் முந்நூறு இடித்தது.
"எங்கெல்லாம் சுத்துத, ஷைலஜா?" என்றான் பெர்க்மான்ஸ்.
நான் பிளக்கைச் சந்தேகப்பட்டேன். பிறகு பம்பை.
பிறகு தண்ணி கலக்கிறான் என்று
பங்க்கில் போய்ச் சண்டை போட்டேன்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில்
மூன்றாம் கியரில் மிதிக்க மிதிக்க
பின்னால் கரும்புகை, முன்னால் ஒன்றுமில்லை.
பால்கேன் கட்டிய சைக்கிள் ஒன்று முந்திப் போனது.

இறங்கி ஓரங்கட்டும்போது மணி நாலே கால்.
சீட்டைத் தூக்கி டார்ச்சைப் பல்லில் கடித்தேன்.
ஏர் ஃபில்டர் பெட்டியின் கடைசிக் கிளிப்
என் நகத்தோடு வந்தது.

உள்ளே
வாழைநார், அரளி இதழ், கொழுந்துக் காம்பு.
என் சரக்குதான்.
நடுவில்
ரோமம் முளைக்காத மூன்று எலிக்குஞ்சுகள்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

ஃபில்டரைக் கல்லில் தட்டினேன்,
செங்கல்சூளைத் தூசி சிவப்பாய் உதிர்ந்தது.
கூட்டை அப்படியே அள்ளி
பிச்சிக் கூடைமேல் வைத்தேன். வேறு இடமில்லை.
சாவியைத் திருப்பினால்
ஒரே சுதியில் நின்றது வண்டி.

களியக்காவிளையில் கை காட்டி நிறுத்தினான் காவலன்.
"பூவல்லாதே வேறெ எந்தா?"
"ஒண்ணுமில்ல சாரே" என்றேன்.