முப்பத்தெட்டு வரி

குலசேகரத்தில் மழை.
ரப்பர் கடைக் கணினியில் நீல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
றோஸ்லெட் எழுந்துபோய்ச் சாயா குடித்துவிட்டு வந்தாள்.
அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

பதினொரு வருடத்துப் பால்கணக்கு,
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் வரி.
நிரல் எழுதியவன் நான்.
"மெஷினை மாத்தணுமோ?" என்றார் முதலாளி,
விலை கேட்க மனசில்லாத குரலில்.

அவள் முதுகுக்குப் பின்னால்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
திரையில் தெரிவது முப்பத்தெட்டு வரி.
அவ்வளவுதான்.
என் நிரலோ
யாரும் பாராத மிச்சத்துக்கும் கட்டம் வரைந்து
ஒவ்வோர் எழுத்துக்கும் அகலம் அளந்து
ஒரு வரிக்கு வெள்ளை, அடுத்ததற்குச் சாம்பல் பூசி
பந்திக்கு நாலு பேர் வந்திருக்க
ஊருக்கே இலை போட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் மழைக்கு ஒதுங்கிய வெட்டுக்காரர்
காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.
முந்நூறு மரம். வாளி ஒன்று.
எனக்கு வெட்கமாக இருந்தது.

இரவு எல்லாவற்றையும் அழித்தேன்.
நாற்பது கட்டம் மட்டும் வைத்துக்கொண்டேன்.
மேலே நழுவிப்போகும் வரி
தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு
கீழே வேறொருவர் பெயரோடு நுழையும்.
அகலம் ஒருமுறை அளந்தால் போதும்.
மிச்சம் கேட்டால் வரும்;
கேட்காதவரை
இருட்டில் கிடக்கும், எடையில்லாமல்.

காலையில் றோஸ்லெட் ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள்.
வருடங்கள் சாடின.
"எம்மா!" என்று கையை எடுத்துவிட்டாள்.
பிறகு திரும்ப வைத்தாள்.
அன்றைக்கு வேறு வேலை நடக்கவில்லை,
மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமையில் நின்றாள்.
ஞானசீலன், இருபத்தாறு லிட்டர்.
பணம் கொடுத்த கட்டம் காலி.
அடுத்த வாரமும் காலி.
இன்னொரு பெயர்.
பழைய ரசீதின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள்.
அந்த இடம்வரை
இதற்கு முன்னால் யாரும் இழுத்துப் போனதில்லை,
வட்டம் விட்டதில்லை.

முதலாளி கண்ணாடியைத் துடைத்தார்.
"நல்ல வேகம்தான் மக்கா" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"இவ்வளவு வேணுமா?"

மழை மறுபடி பிடித்தது.
என் கூலியை எண்ணிக் கொடுத்தார். ஐநூறு குறைந்தது.
மிச்சம் பிறகு தரலாம் என்றார்.

றோஸ்லெட் தலை தூக்காமல்
ஞானசீலனில் தொடங்கிய அந்தத் தாளில்
கடைசிப் பெயருக்குக் கீழே
என் பெயரை எழுதினாள்.