எத்தனை டச்

"மூணுதான்" என்பான் அன்வர்,
கல்லாவிலிருந்து தலை நிமிராமல்.
"உலகப் போட்டி, யுகே, மாஸ்டர்ஸ்.
மத்ததெல்லாம் வயித்துப்பாட்டுக்கு."

மாஸ்டர்ஸில் தரவரிசைப் புள்ளியே கிடையாதே,
பதினாறு பேருக்கு மட்டும் பத்திரிகை வைத்து
முதல் பந்தியில் உட்காரவைப்பது
எப்படிப் பெரிய போட்டி ஆகும்
என்று மல்லுக்கு நிற்பான் மாதேஸ்.
பணத்தால் அளந்தால்
பட்டியலில் ஊர்ப்பெயர்கள் மாறும்.
நாளால் அளந்தால் ஷெஃபீல்டு ஒன்றுதான்:
பதினேழு நாள் இழுக்கும்,
கோட்டை மாரியம்மனுக்கு ஆடி எடுப்பது போல.

ஐந்து ரோட்டில், பேக்கரிக்கு மேலே
இரண்டாம் மாடியில்,
இரவு பத்தரைக்கு இந்த வழக்கு.
கீழிருந்து பன் வேகும் வாசனை.
மேசை மூன்று. மூன்றாவதில்
மெல்ல உருட்டிவிட்ட பந்து
கடைசி முழத்தில் ஏற்காட்டுப் பக்கம் திரும்பும்.
அதற்கு மட்டும் வாடகை இருபது ரூபாய் குறைவு.

நான் கொலுசுப் பட்டறைக்காரன்.
எதைக் கையில் கொடுத்தாலும்
வாயில் முதலில் வருவது, "எத்தனை டச்?"
தொலைக்காட்சியில் எவனோ கோப்பையை முத்தமிட்டாலும்
எண்பதா, தொண்ணூறா என்றுதான் புத்தி போகிறது.
போன மார்கழியில் ஜெயித்த மாவட்டக் கோப்பையை
வீட்டுக்கு வந்த இரவே கவிழ்த்துவைத்து
அடியில் அரத்தால் சுரண்டினேன்.
பித்தளை.
மேலே ஆசைக்கு ஒரு முலாம்.
அதைத் தெரிந்துகொள்ளவா சுரண்டினேன்,
இன்னும் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை.
மழை. மூன்றாவது மேசை.
துளசிராம் அம்மாபேட்டையில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன்;
நகக்கண்ணில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும்,
அன்றைக்கு மயில்கழுத்து.
பந்தயம் ஒரு டீ, ஒரு தேங்காய் பன்.
இளஞ்சிவப்பும் கருப்பும் மட்டும் மிச்சம்,
அவன் மூன்று புள்ளி முன்னால்.
நான் ஜன்னலில் நின்று
நனைகிற என் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அன்வர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.
யாருமே பார்க்கவில்லை.

"டச்" என்றான் துளசிராம்.
"சட்டைப் பொத்தான். கருப்புல பட்டுச்சு. ஏழு."
பலகைக்குப் போய்
தானே என் பக்கம் ஏழை எழுதினான்,
எவனுக்கோ தேதி குறிப்பது போல
எந்த முகமும் இல்லாமல்.
நான் இளஞ்சிவப்பைப் போட்டேன். முடிந்தது.
பன் சூடாக இருந்தது.
பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஏனென்றால் மார்கழியில்
மேலே ஏற்காட்டில், அந்தப் பழைய கிளப்பில்,
கதவிடுக்கு வழியே மூடுபனி உள்ளே வந்து
துணி ஈரமாகி,
பந்துகள் பாதி வழியில் நின்று யோசித்த இறுதி ஆட்டத்தில்,
எதிரே ஆத்தூர் ஜவ்வரிசி மில் நல்லமுத்து.
நடுவர் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிய நேரம்
என் கைப்பட்டி பழுப்புப் பந்தை உரசியது.
அசையக்கூட இல்லை அது.
உரசியது எனக்குத் தெரியும்,
பந்துக்குத் தெரியும்.
பழுப்புக்கு நாலு புள்ளி.
நான் ஜெயித்தது இரண்டில்.

நல்லமுத்து கை கொடுத்தார்,
"பிரமாதமா ஆடினீங்க" என்றார்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.
ஒவ்வொரு வளைவிலும் அது வயிற்றில் இடித்தது.

இப்போது அதில் வெங்காரம் போட்டு வைத்திருக்கிறேன்,
பற்றவைக்கும்போது எடுக்க வசதி.
சின்ன மகள் கேட்டாள்,
"கப்புல ஏம்ப்பா உப்பு?"

"நீ சொல்லுடா," அன்வர் என் பக்கம் திரும்புகிறான்,
"மொத்தம் எத்தனை?"
நான் குச்சியின் முனைக்குச் சாக்கு தடவுகிறேன்,
தேவைக்கு அதிகமாகவே.
நீலப்பொடி கைப்பட்டியில் உதிர்கிறது.
"நாலு" என்றேன்.

அவன் விரல்விட்டு எண்ணினான்.
மூன்றில் நின்றான்.
மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.