உயரப் பயம்

சபூராவுக்கு தேவகோட்டை கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை.
நான் உள்ளே தட்டச்சு.
பாகப்பிரிவினை வழக்கு ஒன்று, பிரதிவாதிகள் நாற்பத்தொரு பேர்,
பதினொருவர் செத்துப்போக
வாரிசுகளைச் சேர்த்து மறுபடி தட்டினேன்.
ஒரே வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள் அறுபத்திரண்டு.
கமிஷனர் கொடுத்த பட்டியலில்
'சீன ஜாடி, விரிசலுடன், ஒன்று'.
அடுத்த வாய்தா ஆவணியில்.

ஆகவே நாற்பது எபிசோடு நீளம் என்று
நான் குறை சொல்லப்போவதில்லை.

சாயங்காலப் பஸ்ஸில் ஆளுக்கொரு காதில் ஹெட்போன் முனை.
என் போனில், வெள்ளைப் பட்டு உடுத்திய தேவன்
ஒருத்திக்காகப் பத்தாயிரம் வருஷம் காத்திருக்கிறான்,
முடியில் ஒரு சிக்கு விழாமல்.
காற்று அவனுக்கு மட்டும் அடிக்கிறது.
தமிழ் டப்பிங்கில் தேவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே தொண்டை.

அவள் கொண்டையைத் தூக்கிக் கட்டி ஆண் என்கிறாள்,
படையே நம்புகிறது.
"கண்ணு அவிஞ்சு போச்சா இவுகளுக்கு?" என்கிறாள் சபூரா.
மலையிலிருந்து விழுந்தவன் சாகவில்லை, ஞாபகம்தான் போயிற்று,
அதிலும் அவள் பெயர் மட்டும்.
வாள் சுழற்றுவது அப்படியே நினைவிருக்கிறது.
கதவுக்குப் பின்னால் நின்று
பாதிப் பேச்சைக் கேட்டு அழுதுகொண்டே ஓடுகிறாள்.
மூன்று நிமிஷம் நின்றிருந்தால்
பன்னிரண்டு எபிசோடு மிச்சம்.
என்னைக் குறுக்கு விசாரணைக்கு விட்டால்
எழுதியவர் கூண்டில் தண்ணீர் கேட்பார்.

ஆனால் ஒன்பதாவது எபிசோடு.
மேகத்தில் ஏறினால் ஒரு நொடியில் ஊர்.
அவளுக்கு உயரம் என்றால் பயம்.
மூன்று நாள், மழையில், தேவன் நடந்தே வருகிறான்,
சேறு பட்ட பட்டோடு.
ஏன் என்று அவன் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.
குடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக
அவள் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது.
அமராவதிபுதூர் எப்போது வந்து போனது என்று தெரியவில்லை.

முப்பதாவதில் அவளே மேகத்தின் மேல் நின்று போர் செய்கிறாள்.
"உயரப் பயம் என்ன ஆச்சு?" என்றேன்.
"எழுதுனவருக்கே மறந்துபோச்சு பாரு."
சபூரா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"கூட நடந்தான்ல. அதுல போயிருக்கும்."
"அப்படின்னு எங்கேயும் காட்டலையே."
"எல்லாத்தையும் காட்டுவாகளா?"
பதிவில் இல்லாததை நான் ஏற்பதில்லை.
நாலு நாள் அதற்கே சண்டை.

போன வியாழன் எனக்கே ஒரு சம்மன் வந்தது.
மனுதாரர் என் கணவர்.
சிவகங்கை கோர்ட், பதினேழாம் தேதி, காலை பத்தரை.
மூன்று பிரதி வேண்டியிருந்தது.
சபூரா தாளைக் கவிழ்த்து வைத்தாள்,
வெளிச்சம் ஓடியது, இன்னொரு முறை, இன்னொரு முறை.
குண்டூசி குத்தினாள். காசு வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி எபிசோடு.
அவள் இறங்க வேண்டியது ரஸ்தாவில்.
வீட்டில் மாவு ஆட்டணும், மகனுக்குப் பரீட்சை.
ரஸ்தா வந்தது. கண்டக்டர் பெயர் சொல்லியே கூப்பிட்டார்.
முட்டியை மடக்கி எனக்கு வழிவிடுவதுபோல
ஜன்னலோரம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.
விசில் ஊதி பஸ் கிளம்பிற்று.

கடைசி எபிசோடு மகா மட்டம்.
முப்பத்தொன்பதில் நடந்தவர்கள் நாற்பதில் ஓடுகிறார்கள்.
அசுர ராஜாவுக்குச் சாக நேரமே கொடுக்கவில்லை.
அவள் ஒளியாகக் கரைந்தாள், திரும்பி வந்தாள்,
எப்படி வந்தாள் என்பதற்கு ஒரு பூ உதிர்வதைக் காட்டினார்கள்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி
திரும்பிப் போகிற வண்டிக்கு நின்றாள் சபூரா.
பின்னால் ஏப்பம் விடும் டீசல் புகை,
அவள் புடவைத் தலைப்பில் டோனர் மை.
நான் கேட்கவில்லை.
"அசுர ராஜா சாவு சரியில்ல" என்றேன்.
"சரியே இல்ல" என்றாள்.